ஓர் எழுத்து அதிகம்

விக்டிஸ் ஆசிரியர் அறைக் கதவைத் திறந்ததும் பேச்சு மாறியது. நின்றிருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். நிற்கவில்லை, காற்றுக்குத் தாவியது. தெற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் மத்தியானப் படகு வருமோ வராதோ என்று இன்னொருவர் இழுத்தார். ஆறு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் காற்றைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட்டால், அதற்கு முந்தைய நிமிடம் வரை யாருடைய தலை உருண்டது என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகப் படிப்பு தேவையில்லை. விக்டிஸ் அந்தப் படிப்பையும் படித்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

அவள் ரொட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்தில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் குன்வோர். குன்வோர் எதுவும் பேசாமல் காபி ஃபிளாஸ்க்கை அவள் பக்கம் தள்ளினாள். பத்தொன்பது வருடமாகத் தள்ளுகிற அதே தள்ளல்தான். ஆனால் மேசையின் மறுமுனையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவருக்கு ஜெராக்ஸ் எடுக்கும் வேலை ஞாபகம் வந்தது, ஐந்து நிமிடத்தில் அறையில் மூன்று பேர்தான் மிச்சம்.

யாரையும் குறை சொல்லவும் முடியாது. பழைய தலைமையாசிரியர் உள்ளே வந்தபோதெல்லாம் காற்றுக்கும் மீனுக்கும் தாவியவர்களில் விக்டிஸும் ஒருத்தி. அவர் பாவம், தினமும் கதவருகே நின்று ஏதாவது ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுப் போவார். அந்த மனிதர் அதை எத்தனை தடவை தன் அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் போன ஜூனில் வேலையை விட்டுவிட்டுப் பெருநிலத்துக்குப் போனார். ஸ்கார்வை தீவுப் பள்ளியில் பிள்ளைகள் அறுபத்தொரு பேர், ஆசிரியர்கள் ஒன்பது பேர். நகராட்சி இரண்டு முறை விளம்பரம் கொடுத்தது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து விக்டிஸுக்குப் போன் வந்தது, அவளைப் போல் பள்ளியை அறிந்தவர் யார் என்று தேன் ஒழுகப் பேசினார்கள். அவள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். தினமும் இருவரும் சேர்ந்து பள்ளிக்குப் போகும் காரில் குன்வோர்தான் பேசிப் பேசி அவளைத் தள்ளிவிட்டாள்.

"எடுத்துக்க டி. வேற எவனாவது வெளியூர்க்காரன் வந்து நம்ம தலையில மிளகாய் அரைக்கிறதுக்கு நீயே பரவால்ல."

"நீ ஏன் எடுத்துக்கக் கூடாது?"

"எனக்கு வாய் ஜாஸ்தி. ரெண்டே வாரத்துல எல்லாரையும் விரட்டிடுவேன். நீ பொறுமைக்காரி. உன்னைய எல்லாருக்கும் பிடிக்கும்."

எல்லாருக்கும் பிடித்தவள் ஆகஸ்ட்டில் தலைமையாசிரியரின் மூலை அறைக்குக் குடியேறினாள். செப்டம்பரில் குன்வோர், இனிமேல் தனித்தனிக் காரில் போவோம் என்றாள். "ஜனங்க பேசுவாங்க. எனக்கு நல்ல டைம்டேபிள் கிடைச்சா, காருல ஓசியில வாங்குனதும்பாங்க." அதில் நியாயம் இருந்தது. விக்டிஸும் தலையாட்டினாள். மகள் படிக்க ட்ரோன்ட்ஹெய்ம் போய் இரண்டு வருடம் ஆகிறது, கணவர் பிரிந்துபோய் அதற்கும் மேல். காலையில் அந்த இருபது நிமிடக் கார்ப் பயணத்தில்தான் அன்றைக்கு அவள் முதன்முதலாக வாயைத் திறப்பாள். அதுவும் போனபோது, பள்ளிக்கு வந்து யாருக்காவது காலை வணக்கம் சொல்கையில் தொண்டை கரகரத்தது.

தலைமையாசிரியராகிறவர்கள் ஒன்றரை வருடம் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு படிப்புப் படிக்கவேண்டும். வேலை பார்த்துக்கொண்டேதான். போடோ நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஹோட்டல் அரங்கில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கூடுவார்கள். வட நார்வே முழுவதிலுமிருந்து இருபத்து நான்கு தலைமையாசிரியர்கள். மஞ்சள் காகிதத்தில் தங்கள் பயங்களை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் தடவை ஒட்டியபோது இருபத்து நான்கில் பதினேழு காகிதத்தில் "தனிமை" என்றே இருந்தது. பேராசிரியை அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், ஏனென்றால் அவருடைய அடுத்த ஸ்லைடு அதைப் பற்றித்தான்.

அந்த மூன்று நாட்கள் விக்டிஸுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டில் யார் எதைச் சொன்னாலும் மேசையே ஆமாம் ஆமாம் என்றது. நான்காம் நாள் ஆளுக்கொரு படகிலும் விமானத்திலும் ஏறி, இருபத்து நான்கு பேரும் இருபத்து நான்கு மூலை அறைகளுக்குத் திரும்பினார்கள். ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குப் போக ஒரு நாள் ஆகும்.

பேராசிரியை அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: பொறுப்புத் தெளிவு. "நேற்று நண்பராக இருந்தவரை இன்று நீங்கள் வழிநடத்துகிறீர்கள். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்," என்பார். விக்டிஸ் அதைத் தன் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டாள். நல்ல மாணவிகளுக்கு இருக்கிற வியாதி அது, அடிக்கோடிட்டதை எல்லாம் செய்தும் பார்த்துவிடுவார்கள்.

படிப்போடு சேர்த்து ஒரு கோச்சையும் கொடுத்திருந்தார்கள். ஆர்ன்ஃபின் என்று பெயர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுபதை நெருங்கும் வயது, கம்பளிச் சட்டை. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கணினித் திரையில் வந்து உட்காருவார். அவர் ஆலோசனை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கவேண்டும், அதுதான் முறை. முப்பது வருடம் பள்ளிகளை நடத்திய மனிதர், எல்லாப் பதிலையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, "அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்பார். விக்டிஸுக்குச் சில நாள் திரைக்குள் கையை விட்டு அவரை உலுக்கலாம் போலிருக்கும். ஆனாலும் அந்த வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அவளிடம் அவளைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான், அதுவும் சம்பளத்துக்கு.

பிப்ரவரியில் அந்தப் படிவம் வந்தது. பல்கலைக்கழகம் ஒவ்வொரு தலைமையாசிரியரின் பள்ளிக்கும் அனுப்பும் கேள்வித்தாள் அது. ஆசிரியர்கள் கணினியிலோ போனிலோ நிரப்புவார்கள், பெயர் கிடையாது, பதில்கள் தலைமையாசிரியருக்கு வரும், அவர் அதை வைத்துக் கட்டுரை எழுதவேண்டும். "என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள்," என்று பேராசிரியை எச்சரித்திருந்தார். "யார் சொன்னது என்று தேடாதீர்கள். தேட ஆரம்பித்தால் தொலைந்தீர்கள்."

ஒன்பது பேருக்குப் போய் எட்டுப் பதில் வந்தது. பதில் தராத ஒருவர் எஸ்கில்தான் என்று விக்டிஸ் உடனே முடிவு கட்டினாள். கணக்கு வாத்தியார் எஸ்கில் எந்தப் படிவத்தையும் நேரத்துக்கு நிரப்பியவன் அல்லன், வீட்டில் இரண்டு வயது இரட்டைப் பிள்ளைகள் வேறு. மற்ற எட்டையும் அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஏழு பதில்கள் சூடும் இல்லை, குளிரும் இல்லை. கூட்டங்கள் நீளம், மின்னஞ்சல் அதிகம், நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறார். எட்டாவதில், "உங்கள் தலைவர் எதைக் குறைத்துக்கொள்ளலாம்?" என்ற கேள்விக்கு நேரே இப்படி இருந்தது:

"மதியம் ஆசிரியர் அறைக்கு வராமல் இருக்கலாம். அவள் வந்தால் யாரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. அவள் இப்போது எங்களில் ஒருத்தி இல்லை, அது அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை."

விக்டிஸுக்குக் காது சூடானது. இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் அந்த எழுத்து கண்ணில் குத்தியது.

நார்வே மொழியில் இல்லை என்பதற்கு அந்தப் பள்ளியில் எல்லாரும் 'இக்கே' என்று எழுதுவார்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான், கரும்பலகையில் அப்படித்தான். குன்வோர் மட்டும் 'இக்யே' என்று எழுதுவாள், அவர்களுடைய ரோமன் எழுத்தில் நடுவில் j என்று ஓர் எழுத்து அதிகம். அவள் மேற்குக் கரைக்காரி, நாட்டின் இரண்டு எழுத்து வழக்குகளில் மற்றதில் படித்து வளர்ந்தவள், அதை விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. பிள்ளைகளின் குறிப்பேட்டிலிருந்து வெள்ளிக்கிழமைக் கேக் யார் முறை என்கிற பட்டியல் வரை அவள் எழுதியதைத் தனியே பெயர் போட்டுக் காட்டவேண்டியதில்லை. இந்தப் பதில் முழுவதும் மற்றவர்களுடைய எழுத்திலேயே இருந்தது. முதல் இரண்டு இடத்தில் 'இக்கே'. கடைசி வாக்கியத்தில், ஒரே ஓர் இடத்தில், 'இக்யே'.

ஆக, அவள் மறைந்துகொண்டு எழுதியிருக்கிறாள். மற்றவர்களைப் போல் எழுத முயன்று, ஆத்திரம் வந்த இடத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. விக்டிஸ் இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்குள் இருந்த மொழி ஆசிரியைக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து அவள் மதியம் தன் அறையிலேயே சாப்பிட்டாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டு இரண்டு, கணினிக்கு முன்னால் பத்து நிமிடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் அறை. முதல் வாரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தான் போகாததால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் சத்தமே கேட்கவில்லை, அப்போது மெதுவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். மனது ஒருமுறை கோணிக்கொண்டால் சத்தமும் சாட்சி, சத்தமின்மையும் சாட்சி.

அந்த முதல் வாரத்திலேயே, நான்காம் நாள், குன்வோர் கதவைத் தட்டித் தலையை நீட்டினாள்.

"என்ன டி, சாப்பிட வர்றதில்லையா? மகாராணிக்குத் தனிப் பந்தியா?"

"வேலை இருக்கு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. என் முறை. பாதாம் கேக்."

"நீங்க எல்லாரும் நிம்மதியா சாப்பிடுங்க."

'நிம்மதியா' என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொன்ன விக்டிஸ், குன்வோர் முகத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. எப்படி நடிக்கிறாள் பார், என்று நினைத்தாள். சற்றுக் கழித்து மேசையோரத்தில் ஒரு தட்டில் கேக் துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை காய்ந்துபோனதைத் தானே குப்பையில் போட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் நகராட்சிக் கடிதம் வந்தது. ஸ்கார்வையில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், யூட்டர்ஹோல்ம் பள்ளியில் ஆசிரியர் போதவில்லை, ஆகஸ்ட்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஓர் ஆசிரியரை அங்கே மாற்றவேண்டும், பெயரைத் தலைமையாசிரியர் முடிவு செய்து இரண்டு வாரத்தில் அனுப்பவேண்டும். யூட்டர்ஹோல்ம் என்றால் படகில் ஒரு மணி நேரம், குளிர்காலத்தில் காற்றின் தயவு. அங்கே கேட்ட பாடங்களுக்குப் பொருந்துகிறவர்கள் இரண்டே பேர்: எஸ்கில், குன்வோர்.

இரண்டு பேரோடும் முறைப்படி பேசவேண்டும். எஸ்கிலோடு அரை மணி நேரம் பேசினாள். அவன் இரட்டைப் பிள்ளைகள், மனைவியின் இரவு வேலை என்று வரிசையாகச் சொன்னான். குன்வோரோடு பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. விக்டிஸ் அச்செடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"போறதுக்கு எனக்கு விருப்பமில்ல, விக்டிஸ். அம்பது வயசுக்கு மேல படகுல வாந்தி எடுத்துக்கிட்டு வேலைக்குப் போக முடியாது. அதை எழுதிக்க. மத்தபடி முடிவு உன் கையில, நீ பாத்துச் செய்வ," என்றாள் குன்வோர். எழுந்தவள், கதவருகே போய்த் திரும்பினாள். "உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லயே? ஏதாவதுன்னா சொல்லு டி."

"ஒண்ணுமில்ல," என்றாள் விக்டிஸ், தாளைப் பார்த்தபடி.

அந்த வியாழக்கிழமை ஆர்ன்ஃபினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இழுப்பறையில் இருந்த பதிலையும் படித்துக் காட்டினாள். குன்வோரின் பெயரை அனுப்பப் போவதாகச் சொல்லி, காரணங்களை அடுக்கினாள். சின்னப் பிள்ளைகள், இரவு வேலை, குடும்பம். நண்பர் என்பதற்காக ஒருவரைக் காப்பாற்றுவது தப்பு, பொறுப்புத் தெளிவு. எல்லாம் சரியாக இருந்தது. பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் விழும்.

ஆர்ன்ஃபின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பதில் வராமலே இருந்திருந்தா, இப்ப யார் பேர் அனுப்புவீங்க?"

"அதே பேர்தான்," என்றாள் விக்டிஸ். தன் குரலில் இருந்த அவசரம் அவளுக்கே கேட்டது.

"சரி," என்றார் அவர். "அந்த அம்மாகிட்ட அந்தத் தாளைப் பத்திப் பேசினீங்களா?"

"அது பெயரில்லாத பதில். யாருதுன்னு கேட்கக்கூடாதே."

"கேட்கக்கூடாது," என்று ஒத்துக்கொண்டார். "யாருதுன்னு தெரிஞ்சதா மட்டும் வச்சுக்கலாமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. இணைப்பு சரியில்லை, குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொல்லி ஐந்து நிமிடம் முன்னதாகவே திரையை மூடினாள். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் நகராட்சிக்குப் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நகராட்சியின் கடிதம் பள்ளி வழியாக வந்தது. விக்டிஸ் அதைக் குன்வோரின் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். கையில் கொடுத்திருக்கவேண்டும். பேராசிரியை இதற்கென்றே ஒரு முழு நாள் வகுப்பு எடுத்திருந்தார், கடினமான செய்தியை நேரில் சொல்வது எப்படி என்று, ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தார். போடோ ஹோட்டலில் அவள் அதை நன்றாகச் செய்திருந்தாள்.

கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகளின் பேருந்து கிளம்பியதும் குன்வோர் வந்தாள். கதவைத் தட்டாமல் வந்து, சாத்திவிட்டு, உட்கார்ந்தாள். கடிதத்தை மேசை மேல் வைத்தாள்.

விக்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது உனக்குச் சுலபமா இருக்காதுன்னு எனக்குப் புரியுது," என்று ஆரம்பித்தாள். "இந்த நேரத்துல உனக்கு என்கிட்ட இருந்து என்ன வேணும்?"

"இதைக் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

விக்டிஸ் கடிதத்தை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எஸ்கிலோட பிள்ளைங்களுக்காகத்தான் என் பேரைப் போட்டியா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. நான் எந்திரிச்சுப் போயிடறேன், உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும், இரண்டு பேரும் ஏதோ ஒரு கோடையில் மறுபடி ஒரே காரில் ஏறியிருப்பார்கள். விக்டிஸுக்கும் அது தெரிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் எதிரே நேராக நோக்கிக்கொண்டிருந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மறைந்துநின்று எழுதிவிட்டு என்னை உண்மை சொல்லச் சொல்கிறாயா என்று தோன்றியது. ஆறு வாரமாகப் பள்ளியில் ஒருவரிடமும் மனம்விட்டுப் பேசாதவளின் ஆத்திரம் அது. இழுப்பறையைத் திறந்து மடித்த தாளை எடுத்து அவள் முன் போட்டாள்.

"இதுக்காகவும்தான்."

குன்வோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நிதானமாக, ஏழாம் வகுப்புக் கட்டுரை திருத்துகிற மாதிரி.

"யாரோ மோசமா எழுதியிருக்காங்க," என்றாள். "எனக்கும் இதுக்கும் என்ன?"

"கடைசி வரியைப் பாரு. 'இக்யே'."

குன்வோர் மறுபடி பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி விக்டிஸைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு பிள்ளை செய்யக்கூடாத தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற பார்வை.

"இந்தத் தீவுல வாயைத் திறந்து 'இக்கே'ன்னு பேசுற ஒரு ஆளைக் காட்டு. ஒரே ஒரு ஆள். எல்லாரும் பேசுறது இக்யேதான். பள்ளிக்கூடத்து நோட்டுல மட்டும்தான் இக்கேன்னு எழுதுறீங்க. எவனோ போன்ல அவசரமா தட்டியிருக்கான், வாயில வர்றது விரல்ல வந்திருக்கு." அவள் தன் போனை எடுத்து விரலால் மேலே மேலே தள்ளினாள். "இந்தா, நவம்பர். 'இன்னிக்கு நடக்க வரல, தலைவலி.' இந்தா, கிறிஸ்துமஸ். 'நீ இல்லாம நல்லா இல்ல.' படி. எப்படி எழுதியிருக்க பாரு."

விக்டிஸ் படித்தாள். இரண்டு செய்தியும் அவள் அனுப்பியவை. வரல, இல்லாம, இல்ல என்று வந்த மூன்று இடத்திலும் 'இக்யே', அதே ஓர் எழுத்து அதிகம். இருபது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லிக் கொடுத்தவள், தன் கை என்ன எழுதுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"எப்ப இருந்து இப்படி நினைச்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டாள் குன்வோர்.

"பிப்ரவரி."

"பிப்ரவரி. அந்தக் கேக் கொண்டு வந்தப்பவும்?"

"ஆமா."

"நான் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்."

விக்டிஸ் தன் போனை எடுத்தாள். "நகராட்சியை இப்பவே கூப்பிடுறேன். தப்பு நடந்துபோச்சு, பேரை மாத்தணும்னு சொல்றேன். என்ன காரணம்னு கேட்டா இதையே சொல்றேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும்."

"வை கீழ." குன்வோர் குரலை உயர்த்தவில்லை. "யாரை அனுப்புவ? எஸ்கிலையா? அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? உன் முடிவு சரிதான் விக்டிஸ். அதுதான் கொடுமை. முடிவு சரி."

அவள் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். படகுப் பயணச் செலவுக்கு எந்தப் படிவம் என்று கேட்டாள். விக்டிஸ் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அந்தப் பதில் குன்வோருடையது இல்லை என்றால், வந்த எட்டில் எதுதான் அவளுடையது என்று அறிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று தெரிந்தே கேட்டாள்.

"அப்ப நீ என்னதான் எழுதின?"

"நான் எழுதவே இல்ல."

"ஏன்?"

"எழுதலாம்னுதான் திறந்தேன். உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை போட்டா உன் படிப்புக்கு உதவுமேன்னு." குன்வோர் படகுச் செலவுப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "முதல் கேள்வியிலயே நின்னுட்டேன். இந்தத் தலைவருக்கு நீங்கள் யார்னு கேட்டிருந்தான். மூணு கட்டம். மேலதிகாரி, சக தலைவர், கீழே பணிபுரிபவர். மூணையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். எதுலயும் டிக் போட மனசு வரல. ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும். மூடி வச்சுட்டேன்."

அவள் எழுந்து கோட்டை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப அனுப்பினா சுலபமா போட்டுருவேன்," என்றாள். "மூணாவது கட்டம்."